வியாழக்கிழமை மழை

சார், ஜன்னல் கட்டையில் ஒரு பாட்டில் நிற்கிறது. காலையில் வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தபோது, அதன் வழியாகப் போன வெளிச்சம் தரையில் தேன் நிறத்தில் ஒரு வட்டம் போட்டது. பழைய நன்னாரி சர்பத் பாட்டில். வாயில் நீங்கள் உருக்கி ஊற்றிய மெழுகு மஞ்சள் பூத்துக் கிடக்கிறது. கழுத்தில் வாழைநார், நாரில் நாலு முடிச்சு. முடிச்சு நான் போட்டது. உள்ளே பாதிக்கு மேல் தண்ணீர். அடியில் ஒரு நெல்மணிக் கனத்துக்கு வண்டல். பாட்டிலைச் சாய்த்தால் வண்டல் மெல்ல எழுந்து, புகை போலச் சுற்றிவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

உங்கள் மகள் வாசுகி நேற்று இதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். மாசியில் நீங்கள் கண்ணை மூடிய பிறகு இப்போதுதான் வீட்டை ஒழித்தார்களாம். அலமாரியில் இந்தப் பாட்டில், உங்கள் மழை நோட்டு, கோடு போட்ட கண்ணாடி ஜாடி மூன்றும் ஒன்றாக இருந்தனவாம், மூன்றையும் கொண்டுவந்துவிட்டாள். வந்தவள் காபியைக்கூடத் தொடவில்லை. நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

“மாமா, நான் பொறந்த அன்னைக்கு எவ்வளவு மழை பேஞ்சுது?”

நோட்டில் எல்லா நாளுக்கும் எண் இருக்கிறதாம். அவள் பிறந்த வியாழக்கிழமைக்கு மட்டும் இல்லையாம். எண் இருக்க வேண்டிய இடம் காலி.

அந்தக் காலி இடம் என்னால் வந்தது, சார். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நீங்கள் அங்கே ஏதோ ஒரு எண்ணை எழுதிவிட்டீர்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் எந்த வருஷம் எந்தக் கரை உடைந்தது, யார் வீட்டில் என்றைக்கு என்ன நடந்தது என்று எதைக் கேட்க வேண்டுமானாலும் இன்றைக்கும் என்னைத்தான் தேடி வருகிறார்கள். வாசுகி கேட்டதற்கு மட்டும் வாய் வரவில்லை. ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்துவிட்டு, விடிந்ததும் சொன்னேன்.

“அத உங்கப்பாகிட்டதான் பாப்பா நான் மொதல்ல சொல்லணும். பேனாவ எடு, எழுதிக்க.”

அதனால் இது என் வாய், அவள் கை. நான் பேசுவதை அவள் துவைத்து மடித்து எழுதுகிறாள். உங்கள் மகள் அல்லவா. வெளியே ஐப்பசித் தூறல். உள்ளே என் வீட்டுக்காரி தனம் அடுப்பில் பருப்புப் போட்டிருக்கிறாள். இத்தனை வயதிலும் அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதால் கொஞ்சம் மெதுவாகவே சொல்கிறேன்.

நீங்கள் அறிவியல் வாத்தியாராக எங்கள் ஊருக்கு வந்தபோது உங்களுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. என் குத்தகை வயல் பள்ளிக்கூட வேலியை ஒட்டி இருந்தது. வந்த மாசமே வேலி மூலையில் ஒரு தகரக் குழாயை நட்டு, அதன் தலையில் புனல் வைத்தீர்கள். நான் மண்வெட்டியோடு அப்படியே வேலிக்கு வந்தேன்.

“என்ன சார், எண்ணெய் புடிக்கப் போறீங்களா?”

“மழை புடிக்கப் போறேங்க.”

“அதான் வயலெல்லாம் புடிக்குதே. பத்தாதா?”

“வயல் புடிக்குது. எவ்வளவு புடிச்சேன்னு வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்குதே!”

அன்றிலிருந்து தினம் காலையில், பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன்னால், நீங்கள் புனலைத் தூக்கிக் குழாயில் இருப்பதைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பீர்கள். மழை இல்லாத சித்திரையிலும் பார்ப்பீர்கள். “இல்லைன்னு பாக்கறதும் பாக்கறதுதான்” என்பீர்கள். எனக்கு அது பிடித்திருந்தது. நானும் தண்ணீர் வராத வாய்க்காலைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஆள்தானே.

உங்களை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்புத்தான் முதலில் வருகிறது, சார். டீக்கடையில் உங்கள் டீக்குள் கண்ணாடிக் குச்சி போன்ற அந்தச் சூடு பார்க்கும் கருவியை விட்டுப் பார்த்தீர்கள். கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, “என்ன சார், டீக்குக் காய்ச்சலா? ஊசி போடணுமா?” என்றார். நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. “எவ்வளவு நேரத்துல ஆறுதுன்னு பாக்கறேன்” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்து, கடைசியில் பச்சைத் தண்ணீராய் ஆன டீயைக் குடித்துவிட்டுப் போனீர்கள்.

இன்னொரு நாள் பிள்ளைகளை வரிசையாக வயல் வரப்பில் நிறுத்திவைத்து, உராய்வு என்றால் என்ன என்று சொல்லிக்கொண்டே நடந்தீர்கள். சொல்லி முடிப்பதற்குள் சேற்றில் உட்கார்ந்துவிட்டீர்கள். வெள்ளை வேட்டி. பிள்ளைகள் சிரிக்கலாமா கூடாதா என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நீங்கள் உட்கார்ந்தபடியே, “பார்த்தீங்களா, உராய்வு கொறைஞ்சா இதான் ஆகும்” என்றீர்கள். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிராமலே குரல் கொடுத்தாள்: “நாங்க அத வழுக்குதுன்னு சொல்லுவோம் சார்!” அதற்கு மேல் யாராலும் அடக்க முடியவில்லை. முதலில் சிரித்தது நீங்கள்தான்.

ஆற்றங்கரை நினைவு வேறு மாதிரி. அது கனவில் வருவது போலவே வரும். தை மாசம், குடமுருட்டியில் பனி படர்ந்து கிடந்தது. அக்கரையில், ரொம்பத் தள்ளி, சலவைக்காரர் கல்லில் துணி அடித்துக்கொண்டிருந்தார். என் தோளைத் தட்டி, “கையையும் பாருங்க, சத்தத்தையும் கேளுங்க” என்றீர்கள். பார்த்தேன். துணி கல்லில் பட்டது. சத்தம் இல்லை. அவர் மறுபடி கையைத் தூக்கும்போதுதான் ‘தொப்’ என்று வந்தது. சத்தம் தனியாக ஆற்றைத் தாண்டி நடந்து வருவது போல இருந்தது. அத்தனை வருஷம் அதே கரையில் குளித்தவன், அன்றைக்குத்தான் அதைக் கேட்டேன்.

“நடந்தது அப்பவே நடந்துடுச்சுங்க, கலியபெருமாள். நமக்கு வந்து சேரத்தான் நேரமாகுது” என்றீர்கள்.

வாசுகி பேனாவை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்க்கிறாள். பாட்டிலுக்கு வா மாமா என்கிறாள் போல. வருகிறேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் உங்கள் வீட்டம்மா தலைப்பிரசவத்துக்குச் சீர்காழிக்குப் போயிருந்தார்கள். தந்தி வந்து நீங்களும் கிளம்பினீர்கள். ஞாயிற்றுக்கிழமை, குடையைப் பிடித்தபடி வேலியருகே வந்து கண்ணாடி ஜாடியை என் கையில் கொடுத்தீர்கள்.

“நான் வர்ற வரைக்கும் காலைல தெனம் இதுல ஊத்தி, எந்தக் கோட்டுல நிக்குதுன்னு பாத்து வையுங்க. ஒரு நாள்கூட விட்டுடாதீங்க.”

ஜாடியைப் பார்த்தேன். கோடு கோடாக எறும்பு வரிசை போல இருந்தது. பக்கத்தில் ஏதேதோ எழுத்து. எனக்கு எழுத்தும் எண்ணும் படிக்கத் தெரியாது என்று அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நிற்கிற மனுஷரிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. “போய்ட்டு வாங்க சார், நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். எவ்வளவு என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் மழையை அப்படியே எடுத்து வைக்கத் தெரியும். டீக்கடையிலும் மளிகைக் கடையிலும் கேட்டுக் காலிப் பாட்டில்கள் வாங்கி வந்தேன். திங்கட்கிழமை மழை ஒரு பாட்டில், செவ்வாய் மழை ஒரு பாட்டில். வாயில் தக்கை, கழுத்தில் வாழைநார். முதல் நாளுக்கு ஒரு முடிச்சு, இரண்டாம் நாளுக்கு இரண்டு. நெல் குதிருக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்தினேன். கதவைத் திறந்தால் வெளிச்சம் பாட்டில்களுக்குள் போய் அசையும். ஒவ்வொரு நாளும் கண்ணாடிக்குள் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். வேலைக்குப் போகிற வழியில் நின்று பார்ப்பேன்.

வியாழக்கிழமை விடியும்போது வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. நான் நனைந்துகொண்டே போய்ப் புனலைத் தூக்கினேன். பாட்டிலில் ஊற்றி, நாலு முடிச்சுப் போடும்போதே தெருவில் சத்தம். “கலியபெருமாளு! வாய்க்கா கரை ஒடைப்பெடுத்துக்கிச்சு, ஒன் வயக்காட்டுப் பக்கம்!” நட்டுப் பதினைந்து நாள் ஆன பயிர். பாட்டிலை வரிசையில் வைத்துவிட்டு ஓடினேன். அதில் தண்ணீர் எதுவரைக்கும் நின்றது என்று பார்க்கவே இல்லை.

ஐந்தாறு பேர் சேர்ந்து வைக்கோல், வாழை மட்டை, மண் என்று கிடைத்ததைப் போட்டு உடைப்பைப் பாதி அடைத்தோம். மத்தியானம் பசியோடு வந்து உட்கார்ந்தேன். தனம் சோறு போட்டுப் பருப்பு ஊற்றினாள். வெண்ணெயாகக் கரைந்திருந்தது. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

“என்ன புள்ள, இன்னைக்குப் பருப்பு இப்படி வெந்திருக்கு?”

“அடிபம்பு வெள்ளத்துல முழுகிப் போச்சு. தண்ணிக்கு எங்க போறது? அங்க வரிசையா வெச்சிருக்கீங்களே மழைத்தண்ணி, அதுல ரொம்ப இருந்த பாட்டிலா எடுத்துக்கிட்டேன். மழைத்தண்ணில பருப்பு நல்லா வேகும்ல!”

கையில் இருந்த கவளம் கையிலேயே நின்றது, சார். திரும்பிப் பார்த்தேன். நாலு முடிச்சுப் பாட்டில் காலியாக, கவிழ்த்து, சுத்தமாகக் கழுவி வைக்கப்பட்டிருந்தது. வியாழக்கிழமை மழையை நாங்கள் பருப்போடு சாப்பிட்டுவிட்டோம்.

அவளைத் திட்டவில்லை. திட்ட என்ன இருக்கிறது? தண்ணீர் என்றால் சமைக்கத்தான் என்று நினைத்தாள். ஆனால் நீங்கள் ஒரு நாள்கூட விடக் கூடாது என்று சொல்லியிருந்தீர்கள். அடுத்த மழையில் நிரப்பலாம் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் தோன்றியது, வெள்ளிக்கிழமை மழையில் எடுத்து வியாழனுக்குக் கொடுத்தால் வெள்ளிக்குக் குறையுமே, ஒரு நாளைத் திருடி இன்னொரு நாளுக்குக் கொடுப்பதா? அதற்கு மனசு வரவில்லை. பொய் சொல்ல மட்டும் மனசு வந்துவிட்டது. வாய்க்காலில் பாட்டிலை முக்கி எடுத்து, துண்டை நாலாக மடித்து வடிகட்டி, கழுத்துக்குக் கீழே குத்துமதிப்பாக நிரப்பி வரிசையில் நிறுத்தினேன். கொஞ்சம் டீ நிறமாகத்தான் இருந்தது. இரண்டு நாளில் தெளிந்துவிட்டது. அப்பாடா என்று இருந்தேன். கலங்கல் எங்கே போய் உட்கார்ந்தது என்று குனிந்து பார்க்கத் தெரியவில்லை.

பதினோரு நாள் கழித்து நீங்கள் வந்தீர்கள். கையில் கல்கண்டுப் பொட்டலம். ஜாடியைக் கேட்டீர்கள். நான் உங்களைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பாட்டில் வரிசையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் உங்களுக்குப் புரியவில்லை. புரிந்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

“கலியபெருமாள்! மழையவே எடுத்து வெச்சிருக்கீங்களா? அளவெடுக்கச் சொன்னா ஆளையே கூட்டிக்கிட்டு வந்து நிறுத்திட்டீங்களே!”

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். எனக்குப் படிக்கத் தெரியாது என்பது அந்த நிமிஷத்தில் உங்களுக்குத் தெரிந்துபோனது. அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்து நீங்கள் கேட்டதுதான் என்னைக் கொன்றது.

“இதுல வியாழக்கெழம எது? அன்னைக்கு விடியக்காலைலதான் எம் பொண்ணு பொறந்தா. மொதல்ல அதக் குடுங்க.”

நாலு முடிச்சை எடுத்துக் கொடுத்தேன். கல்கண்டு வாயில் கிடந்தது, இனிக்கவில்லை. நீங்கள் பாட்டிலைக் கதவு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தீர்கள். ரொம்ப நேரம் பார்த்தீர்கள். “அன்னைக்கு என்ன விசேஷம்?” என்றீர்கள். “மழைதான் சார்” என்றேன்.

மற்ற பாட்டில்களுக்கெல்லாம் நான் கதை சொன்னேன். இது கோடிவீட்டுப் பசு கன்று போட்ட அன்றைய மழை, இது பஸ் வராத அன்றைய மழை, இது தூறலாகத் தொடங்கிப் பொழுதுக்கும் பெய்த மழை என்று. நீங்கள் ஒவ்வொன்றையும் ஜாடியில் ஊற்றிப் பார்த்து, என் கதையையும் சேர்த்து நோட்டில் எழுதினீர்கள். நாலு முடிச்சை மட்டும் ஊற்றவில்லை. எழுதினீர்கள், ஊற்றவில்லை. பெண் பிறந்த நாள் மழை, ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். படித்தவர், பார்வையாலேயே அளந்துவிட்டார் என்றும் நினைத்தேன்.

“எவ்வளவு சார்?” என்று துணிந்து கேட்டேன்.

“எழுதிட்டேன்” என்றீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் எந்த ஊருக்குப் போனாலும் புதுப் பாட்டில்களை நீங்களே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவீர்கள். ஜாடியை மறுபடி என் கையில் கொடுத்ததே இல்லை. எத்தனை வருஷம் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று பேசியிருக்கிறோம். ஒரு நாளாவது வாய் தவறிக் கேட்டிருப்பீர்களா? இல்லை.

இதுவரைக்கும் சொல்லி முடித்து நான் மூச்சு வாங்கினேன். வாசுகி நோட்டில் அந்தப் பக்கத்தை மறுபடி பிரித்தாள். காலி இடத்துக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்ததை அவள் நேற்று எனக்குப் படித்துக் காட்டவில்லை. இப்போது படித்தாள்.

“வியாழன். பாப்பா பிறந்தாள். பாட்டிலில் இருப்பது வாய்க்கால் தண்ணீர். அன்றைய மழை என்ன ஆயிற்று என்று கலியபெருமாளுக்குத் தெரியும். அவராகச் சொல்லட்டும்.”

சார், துணி அன்றைக்கே கல்லில் பட்டுவிட்டது. சத்தம் எனக்கு இப்போதுதான் வந்து சேருகிறது.

“ஒவ்வொரு பொறந்த நாளுக்கும் கேப்பேன் மாமா. ‘கலியபெருமாள் மாமாவுக்குத்தான் தெரியும், ஆனா நாம போய்க் கேக்கக் கூடாது’ம்பாரு. அப்பா இருக்கற வரைக்கும் நான் கேக்கல” என்றாள் வாசுகி.

“எனக்கே தெரியாதே பாப்பா. அன்னைக்குப் பாட்டில நான் பாக்கவே இல்லியே. இந்த ஊர்ல எனக்குத் தெரியாத மழை அது ஒண்ணுதான்” என்றேன். உங்கள் நோட்டில் என்னை நம்பி விட்ட ஒரே இடம், அதை நிரப்ப என்னிடம் ஒன்றும் இல்லை.

அடுப்படியில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. தனம் வாசலில் வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

“வாய்க்கா தண்ணியயா ஊத்தி வெச்சீங்க? அட மனுஷா! அந்த வாத்தியாரு முகத்துல எப்படி முழிச்சீங்க இத்தன வருஷம்? என்னைய ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல!”

“என்னத்தச் சொல்லுவ?”

“மூணரை டம்ளரு.”

“என்ன மூணரை?”

“பாட்டில்ல இருந்த தண்ணி. ரெண்டு டம்ளர் பருப்புக்கு ஊத்துனேன். ரசத்துக்கு ரெண்டு வேணும், ஒண்ணரைதான் இருந்துச்சு. கொறைக்குப் பழைய பானைத் தண்ணிய ஊத்துனேன். அதான் பருப்ப ரெண்டு தரம் வாங்குன ஆளு ரசத்துக்கு மூஞ்சச் சுளிச்சீங்க. ஞாபகம் இருக்கா?”

இருந்தது, சார். ரசம் நினைவிருந்தது. அதற்குள் அரை டம்ளர் விடை இருக்கிறது என்று தெரியவில்லை.

“எந்த டம்ளர் அத்தை?” என்றாள் வாசுகி.

“எங்கம்மா குடுத்த பித்தளை டம்ளருதான். இந்த வீட்ல அப்ப வேற எத்தன டம்ளர் இருந்துச்சு!”

பரணில் இருந்து அதை எடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. தனமே புளி போட்டு விளக்கினாள். வாசுகி உங்கள் கண்ணாடி ஜாடியைப் பலகையில் வைத்தாள். தனம் டம்ளரில் மொண்டு மொண்டு ஊற்றினாள். ஒன்று. இரண்டு. இது பருப்புக்கு என்றாள். மூன்று. அப்புறம் பாதி. இது ரசத்துக்கு. ஜாடி சின்னது, நிரம்ப நிரம்ப வாசுகி கோட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கொட்டினாள். நீங்கள் பார்ப்பது போலவே கண்ணுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறாள். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி, காலி இடத்தில் எண்ணை எழுதினாள். எனக்கும் வாசித்தாள். எண் என்னிடம் தங்கவில்லை. மூன்றரை டம்ளர் தங்கிவிட்டது.

பக்கத்தில் கதையும் எழுதச் சொன்னேன். இது கரை உடைந்த அன்றைய மழை, பாப்பா பிறந்த அன்றைய மழை, பருப்பு வெண்ணெயாக வெந்த அன்றைய மழை.

தண்ணீர் எங்கேயும் காணாமல் போவதில்லை, இடம்தான் மாறுகிறது என்று நீங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறேன். அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு மறுபடி உடைப்பு அடைக்கப் போனேன். பொழுது சாயும் வரை வேர்த்துக் கொட்டியது. அந்த வியாழக்கிழமை மழையில் ஒரு பங்கு என் வழியாக வயலில் இறங்கியிருக்கும். ஒரு பங்கு தனத்திடம் போயிருக்கும். மிச்சம் ஏதோ ஒரு துளி எனக்குள் எங்கேயோ இன்னும் கிடக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உங்கள் மகள் பிறந்த நாளை நான் சுமந்துகொண்டு நடந்திருக்கிறேன், சார், தெரியாமலே.

வாசுகி மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும். நோட்டையும் ஜாடியையும் எடுத்துக்கொள்கிறாள். வண்டல் பாட்டிலை என்னிடமே விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். அது என்னுடையது. நீங்கள் ஓய்வுபெற்றுப் போனபோது என்னிடம் கொடுத்த பழைய புனலைக் கொல்லையில் நட்டு வைத்திருக்கிறேன். இன்றைய மழைக்குப் புதுப் பாட்டில், ஒரு முடிச்சு. குதிர் இப்போது இல்லை, அது நின்ற இடத்தில் வைத்திருக்கிறேன்.

“இதத் தொடக் கூடாது, சொல்லிட்டேன்” என்று தனத்திடம் சொன்னேன்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சொல்கிறாள்: “தொட்டா என்னவாம்? அளந்துட்டு ஒலையில ஊத்தறேன்.”